சிப்ரோ மாத்திரையும் குதிகால் வலியும்

அப்பாவுக்கு 64 வயது, சிறுநீர்த் தொற்றுக்கு மூன்று நாளாக சிப்ரோஃப்ளாக்சசின் 500 சாப்பிடுகிறார், இன்று காலை குதிகாலுக்கு மேலே பின்பக்கம் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நடந்த அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் இப்போதே மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

சிப்ரோ, ஃப்ளோரோகுவினோலோன் என்ற ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தது; இந்த வகை, கிருமியின் டி.என்.ஏ.வைக் கையாளும் நொதியை முடக்கிக் கொல்வது. நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குத் தசைநாரை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை, பதம் பார்த்துவிடும், அதிலும் முக்கியமாகக் குதிகால் நாரை. அறுந்தே போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2008-லேயே இதற்காக மருந்தின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வீசிங்குக்கு பிரெட்னிசோலோன் (இதுவும் ஸ்டீராய்டுதான்) சாப்பிடுகிறார் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வேறு மருந்துக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

அதுவரை காலுக்கு ஓய்வு. தைலம் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

அப்புறம், மாத்திரையைப் பாலோடு விழுங்குகிறாராமே! பாலில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி ஜெல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.