கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்த மூன்றாம் நாள் வலி

பல் எடுத்து மூன்று நாளாகியும் வலி கூடுகிறது, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள் தம்பி, முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். மூன்றாம் நாளில் வலி கூடிக் காது வரை இழுக்கிறது என்றால் அது பெரும்பாலும் ‘டிரை சாக்கெட்’தான். அதாவது, பல் எடுத்த குழியில் உறைந்திருந்த ரத்தம் கழன்று, எலும்பு வெளியே தெரியும். மாத்திரையை மாற்றி மாற்றிப் போட்டுப் பயனில்லை.

மண்டபம் ஊரில் படகில் இருந்தபோது பீடி குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணமாக இருக்கும். எடுத்தது கீழ் ஞானப்பல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கருஞ்சிவப்பாக எதுவும் இல்லாமல் குழி வெறுமையாக இருந்து, வாயும் நாறினால் சந்தேகமே வேண்டாம். குச்சி, விரல் எதுவும் விடாதீர்கள். கிராம்பு எண்ணெயை நேரே ஊற்றினால் புண்ணாகும். டாக்டர் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி இறங்கும்.

காய்ச்சல், தாடை வீக்கம், விழுங்கக் கஷ்டம் இருந்தால் விஷயம் வேறு. ராத்திரியானாலும் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.