கட்டிய வாடகையைக் கட்டவில்லை என்று அரச நிறுவனம் கடிதம் அனுப்பினால் நேரில் போய்ப் பேசுவதா, எழுத்தில் பதில் கொடுப்பதா?

உங்கள் கேள்வியில், “அங்கே தெரிந்த ஒருவர் இருக்கிறார், நேரில் பேசினால் சரிவரும் என்று அண்ணா சொல்கிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் அப்பாவும் அப்படித்தான் நேரில் போய்ப் பேசினார். அதைத் திருத்த எங்களுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் சென்றது. உங்களுக்கும் கொழும்பில், அரச நிறுவனத்துக்குச் சொந்தமான கடை அறை என்பதால், எங்களுக்கு நடந்ததை முழுமையாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு வரை போகக்கூடிய விடயத்துக்குச் சட்டத்தரணியின் ஆலோசனையை நீங்கள் கட்டாயம் பெற வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.

அப்பா புறக்கோட்டைப் பக்கத்தில் 31 வருடங்களாக ஒரே அறையில் காகிதக் கடை நடத்தியவர். மாத வாடகை 6,500 ரூபாய். 2018 செப்டெம்பரில், 2016 ஜூலை முதல் 2018 ஆகஸ்ட் வரை 26 மாத வாடகை செலுத்தப்படவில்லை என்றும், நிலுவை 1,69,000 ரூபாயுடன் பத்து வீதத் தண்டம் சேர்த்து 1,85,900 ரூபாயை 30 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீளப்பெறல் சட்டத்தின் கீழ் அறையை விட்டு வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஒரு கடிதம் வந்தது. கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அப்பா சிங்களத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். ஆனால் வாசிக்கத் தெரியாது. கொழும்பில் பிறந்து வளர்ந்த அவர் வயதுத் தமிழர் பலருக்கு இதுதான் நிலை. பக்கத்துக் கடைக்காரர் வாசித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்.

அங்கிருந்த உத்தியோகத்தர் அவரைக் கதிரையில் இருத்தி, மரியாதையாகப் பேசி, “பெரியவரே, பயப்படவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். ஒக்டோபரில் மறுபடி அழைத்தபோது அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். புதியவர் கோவையைத் திறந்து பார்த்தபோது, அப்பா முன்பு வந்துபோனதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. “வந்ததற்கு ஒரு ஒப்பம் வையுங்கள்” என்று தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள். அப்பாவும் ஒப்பம் வைத்தார். அந்தத் தாளின் போட்டோ பிரதியை டிசெம்பரில் நான் பார்த்தேன். நிலுவையை ஏற்றுக்கொள்கிறேன், பன்னிரண்டு தவணைகளில் கட்டித் தீர்க்கிறேன் என்று அதில் இருந்தது. கீழே அப்பாவின் ஒப்பம், தமிழில், வழமைபோலச் சற்றுச் சரிந்த எழுத்தில் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

வாயால் பேசியதற்கு இப்படியான இடங்களில் என்ன பெறுமதி என்பதை விளக்கவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அவர்கள் எச்சரித்த அந்த 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்கு விடயம் போனால், செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரமோ உங்களிடம் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் காரணமாகக் காட்ட இடமில்லை. முப்பது வருடம் இருந்தேன், ஐயா தலையாட்டினார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நிலுவை என்று சொல்லி எங்கள் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காமல் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் முதலில் எழுதிய கடிதம் ஆறு பக்கம். அப்பாவின் உழைப்பு, இனப் பாகுபாடு, காசாளரின் மரியாதைக்குறைவு, கூரை ஒழுக்கு, எல்லாம் அதில் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் அழைப்போம். அவர் அதை வாசித்துவிட்டு, சிவப்புப் பேனையால் ஐந்து பக்கங்களைக் குறுக்கே வெட்டினார். ஒரு கடிதம் கந்தோருக்குள் எப்படி நடக்கிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தபால் பிரிவில் திகதி முத்திரை விழும், பதிவேட்டில் ஏறும், மேலதிகாரி ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து எந்தப் பிரிவுக்கு என்று குறிப்பார், பிறகு விடயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞர் அதை உரிய கோவையில் இட்டுக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவார். வாடகையையும் கூரை ஒழுக்கையும் ஒரே கடிதத்தில் எழுதினால் அது ஒரு கோவைக்குள்தான் போகும். கூரைக்குப் பொறுப்பானவரின் மேசைக்கு அது போகவே போகாது. வாடகைக்குப் பொறுப்பானவரோ கூரையைப் பற்றி மட்டும் இரண்டு வரி பதில் எழுதிக் கோவையை மூடிவிடலாம். ஆகவே ஒரு கடிதத்தில் ஒரே விடயம்தான் இருக்க வேண்டும் என்றார். அவர்களுடைய கடிதத்தின் மேல்மூலையில் ‘எனது இல.’ என்று இருப்பதை உங்கள் கடிதத்தில் ‘உமது இல.’ என்ற இடத்தில் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அந்த எண் இல்லாவிட்டால் கடிதம் புதிய கோவை ஒன்றுக்குள் போய்த் தனியாகக் கிடக்கும்.

2019 ஜனவரியில் அனுப்பிய ஒரு பக்கக் கடிதத்தில் நான்கு பந்திகள் மட்டுமே இருந்தன. குறித்த 26 மாத வாடகையும் உரிய காலத்தில் செலுத்தப்பட்டது என்பது முதலாவது. இணைப்பில் உள்ள பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் அதற்கு ஆதாரம் என்பது இரண்டாவது. மூன்றாவதை அப்படியே தருகிறேன்: “2018 ஒக்டோபரில் என்னிடம் ஒப்பம் பெறப்பட்ட கூற்று நான் வாசிக்க அறியாத மொழியில் இருந்தது, அதன் உள்ளடக்கம் எனக்கு விளக்கப்படவில்லை, அதில் கூறப்பட்டுள்ள கடனை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.” நிலுவை என்று தீர்மானித்ததற்கான காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டது நான்காவது. இது சலுகை கேட்பதாகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்படுபவர் எழுத்தில் கேட்டால் அதற்கான காரணத்தை அரச உத்தியோகத்தர் தெரிவிக்க வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதினேன். கொழும்பில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே பதில் பெற உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. 1988இல் வந்த 16ஆம் திருத்தம் கொடுத்த உரிமை அது. “சிங்களத்தில் எழுதினால் வேலை விரைவாக நடக்குமே” என்று சிலர் இங்கே சொல்லக்கூடும். நடக்கலாம். ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியில் ஒப்பம் வைத்ததால் வந்த வினையைத் தீர்க்க, இன்னொருவர் எழுதித் தந்த சிங்களக் கடிதத்தில் அப்பாவை மறுபடியும் ஒப்பம் வைக்கச் சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை.

பற்றுச்சீட்டுகளைத் தேடிய இரவைச் சொல்ல வேண்டும். அப்பா அவற்றை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வருடவாரியாக றப்பர் பட்டி போட்டு வைத்திருந்தார். றப்பர் உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. கரித்தாளின் நீல எழுத்து சில இடங்களில் நகத்தால் தொட்டாலே கலைந்தது. மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாக விரித்து எண்ணியபோது 24 இருந்தன. 2017 மார்ச், 2018 ஜனவரி இரண்டும் இல்லை. ஆனால் வேறொன்று அன்று கண்ணில் பட்டது. எல்லாப் பற்றுச்சீட்டிலும் அறை இலக்கம் 14 என்று இருந்தது. நிறுவனத்தின் கடிதத்திலோ 15 என்று இருந்தது.

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பெப்ரவரியில், அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தேன். 14ஆம், 15ஆம் இலக்க அறைகளின் 2016 ஜூலை முதலான வாடகைப் பேரேட்டுப் பக்கங்களின் பிரதிகளையும், இலக்கம் மாற்றப்பட்டிருந்தால் அது குறித்த கடிதங்களையும் கேட்டேன். தகவல் ஏன் வேண்டும் என்று விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்தது என்று எழுத்தில் அத்தாட்சி தருவது அவர்களின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பின் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அவருக்கு மூன்று வாரம் அவகாசம்; அவரும் கைவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு ஆணைக்குழு வரை போகத் தேவை வரவில்லை. மேன்முறையீடு போனதும், சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரத்தில் ஒரு தடித்த உறை வந்தது.

உள்ளே எல்லாம் இருந்தது. 2016 ஜூனில் பக்கத்து மண்டபத்தைத் தடுத்துப் புதிய அறை ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதற்கு 14 என்று இலக்கமிட்டு, எங்கள் அறையை 15 ஆக்கியிருக்கிறார்கள். அறிவித்தலின் பிரதி சிங்களத்தில் மட்டும் கோவையில் இருந்தது. அது அப்பாவுக்குக் கிடைத்ததற்கான ஒப்பமோ தபால் சான்றோ இல்லை. அப்பா வழமைபோல 14 என்று சொல்லிப் பணம் கட்டினார், காசாளர் வாங்கினார். யாருக்கும் கொடுக்கப்படாமல் பூட்டிக் கிடந்த அறையின் கணக்கில் மாதாமாதம் 6,500 ரூபாய் வரவு விழுந்திருந்தது. 26 மாதமும் இருந்தது. எங்களிடம் பற்றுச்சீட்டு இல்லாத அந்த இரண்டு மாதங்களும் இருந்தன. அப்பா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்தி எண்ணினார், ஒன்றும் பேசவில்லை.

ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் கடையும் மூன்று வாரம் மூடியிருந்தது. மே மாத நடுப்பகுதியில்தான் அடுத்த கடிதத்தை அனுப்ப முடிந்தது. மாதம், பற்றுச்சீட்டு இலக்கம், அவர்களுடைய பேரேட்டில் அந்தத் தொகை உள்ள பக்கம் என்று ஒரு அட்டவணை. வரவை 15ஆம் இலக்கக் கணக்குக்கு மாற்றித் தருமாறு ஒரு வாக்கியம். குற்றச்சாட்டு எதையும் எழுதவில்லை. பதிவுத் தபாலில் ஒன்று அனுப்பி, இன்னொன்றைக் கருமபீடத்தில் கொடுத்து எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கினோம். இந்தக் காலம் முழுவதும் அந்தந்த மாத வாடகையை, 15 என்று இலக்கமிட்டு, ஒரு மாதமும் தவறாமல் கட்டிவந்தோம். தகராறு இருக்கிறதென்று வாடகையை நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் உண்மையான நிலுவை ஒன்றை நீங்களே உண்டாக்கிக் கொடுத்தவராவீர்கள்.

ஓகஸ்டில் பதில் வந்தது. தமிழில், இரண்டே வரி: குறித்த தொகைகள் 15ஆம் இலக்கக் கணக்குக்கு மாற்றப்பட்டன, நிலுவை இல்லை. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்பட்டது.

உங்கள் விடயத்தில், கடிதத்தில் உள்ள திகதியையும் கால அவகாசத்தையும் இன்றே பாருங்கள். அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும் என்பதால், சட்டத்தரணியைப் பார்ப்பதைக் கடைசி நாள்வரை தள்ள வேண்டாம். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழ்ப் பிரதி கேட்டு எழுதுங்கள். தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். ஆனால் அதற்காகக் காத்திருந்து அவகாசத்தைத் தவறவிட வேண்டாம். அண்ணாவுக்குத் தெரிந்தவரைப் பார்க்கவே வேண்டும் என்றால் பாருங்கள். திரும்பி வந்த அன்றே, “இன்று தங்களைச் சந்தித்தபோது பின்வருமாறு கூறினீர்கள்” என்று அவருக்குக் கடிதம் அனுப்புங்கள். அங்கே நீட்டப்படும் எந்தத் தாளிலும், வீட்டுக்குக் கொண்டுவந்து வாசிக்காமல் ஒப்பம் வைக்க வேண்டாம்.

ஒக்டோபர்க் கூற்றைப் பற்றி மட்டும் அவர்கள் இன்றுவரை ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது இன்னும் அந்தக் கோவைக்குள்தான் இருக்கிறது. அதற்கு மேலே, முத்திரை விழுந்த எங்கள் ஜனவரிக் கடிதமும் இருக்கிறது.