கேளுங்க, சொல்றேன்: ஆகஸ்ட் 31-ஆ, செப்டம்பர் 16-ஆ?

கேள்வி: ஐயா, என் தம்பி மகன் சரவாக்கில், மீரியில் வேலை பார்க்கிறான். லீவுக்கு வந்தவன், ஆகஸ்ட் 31-க்காக நான் கடை வாசலில் கொடி கட்டும்போது, "பெரியப்பா, இது மலாயா நாள். மலேசியா பிறந்தது செப்டம்பர் 16" என்றான். நான் விடவில்லை. கடையில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகி, ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறியே போச்சு. யார் சொல்வது சரி?
— சாப்பாட்டுக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: பையன் சொல்வதுதான் சரி அண்ணே, ஆனால் அதற்காகக் கொடியை அவிழ்த்துவிடாதீர்கள்.

1957 ஆகஸ்ட் 31 காலையில் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஸ்டேடியத்தில் கையை உயர்த்தி ஏழு முறை "மெர்டேக்கா" (விடுதலை) என்று முழங்கினாரே, அன்று விடுதலை பெற்றது மலாயா கூட்டரசு, அதாவது இன்றைய தீபகற்ப மலேசியா. போர்னியோ தீவிலுள்ள சபாவும் சரவாக்கும் அப்போது வெள்ளைக்காரன் காலனிதான். மலேசியா என்ற பெயரில் ஒரு நாடே கிடையாது. அது உருவானது 1963 செப்டம்பர் 16-இல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலேசியாவையும் ஆகஸ்ட் 31 அன்றே தொடங்கிவிடுவதாகத்தான் ஏற்பாடு. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் ஒத்துக்கொள்ளவில்லை, சபா சரவாக் மக்களுக்கு இதில் இஷ்டம்தானா என்று பார்க்க ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது, அந்தக் குழு வேலையை முடிக்கும்வரை நாள் தள்ளிப் போனது. போதாததற்குக் கிளந்தான் மாநில அரசு வேறு, எங்களைக் கேட்காமல் மலேசியாவா என்று கோர்ட்டுக்குப் போய், கடைசி நேரத்தில் தோற்றது. அந்தத் தாமதம் மட்டும் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நாளில் வந்திருக்கும், உங்கள் கடைத் தேத்தண்ணியும் சூடாக இருந்திருக்கும்.

உங்கள் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் தருகிறேன். ஐ.நா.வில் மலாயா 1957-இலேயே சேர்ந்துவிட்டது. 1963-இல் மலேசியா புதிதாக மனு போடவில்லை, அதே நாற்காலியில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்தது. ஆக, பழைய நாடுதான் பெரிதானது, புது நாடு பிறக்கவில்லை என்று வாதாடலாம். வக்கீலுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. மாப்பிள்ளை பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு, கல்யாண நாளும் இதுதான் என்று பெண்வீட்டாரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? 2007-இல் நாம் இங்கே 50 ஆண்டு என்று வாணவேடிக்கை விட்டோம், சரவாக்காரர் கணக்கில் அது 44. அவர்கள் முகம் சுளித்ததில் தப்பே இல்லை. மலேசியா தினத்துக்கு நாடு முழுக்கப் பொது விடுமுறை கிடைத்ததே 2010-இல்தான்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் 31 மெர்டேக்கா தினமாகவே இருக்கட்டும். 'தேசிய தினம்' என்ற பட்டத்தை மட்டும் அதனிடமிருந்து எடுத்து செப்டம்பர் 16-க்குக் கொடுத்துவிடலாம். அதுவரை நீங்கள் இரண்டு நாளும் கொடி கட்டுங்கள்.

கேள்வி: அப்படியானால் சிங்கப்பூர் மட்டும் ஏன் ஆகஸ்ட் 9?
— வாசகி, கோலகங்சார்

பதில்: அவர்களும் 1963-இல் நம்மோடு சேர்ந்தவர்கள்தான், 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்தார்கள், அதனால் அந்த நாள். இன்னொன்று: அவர்களுடைய முதல் பிரதமர் லீ குவான் இயூ பிறந்ததும் ஒரு செப்டம்பர் 16. மலேசியா அமைந்த அன்று அவருக்குச் சரியாக 40 வயது!

கேள்வி: தேதிச் சண்டையெல்லாம் பெரிய மனிதர்களுக்கு. தோட்ட லயத்தில் பிறந்த எங்களுக்கு எந்தத் தேதியாக இருந்தால் என்ன? எங்கள் அம்மா கடைசிவரை சிவப்பு ஐசிதான் (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை). அக்கா பிறந்தது 1956, நான் 1961, தம்பி 1964.
— ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இந்தத் தேதிகள் அதிகமாகப் பாதித்ததே உங்களைப் போன்ற வீடுகளைத்தான். அரசியல் சாசனத்தில் குடியுரிமைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், மெர்டேக்கா தினமும் மலேசியா தினமும் அதில் கோடு போட்ட மாதிரி நிற்கும். மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த மண்ணில் பிறந்த குழந்தை, பெற்றோர் யாராக இருந்தாலும், பிறந்ததாலேயே குடிமகன். நீங்கள் அதில் வருகிறீர்கள். அக்கா அதற்கு முந்தியவர், அந்த வயதுக்காரர்கள் பலர் மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. தம்பி பிறந்தபோது சட்டம் மாறிவிட்டது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றில் மூன்று பிள்ளைகள், மூன்று சட்டம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டபோது எத்தனை குடும்பங்கள் கப்பல் ஏறின என்று உங்கள் லயத்துப் பெரியவர்களுக்குத் தெரியும்.

தம்பி பிறந்தபோதே உங்கள் அம்மாவிடம் சிவப்பு ஐசி இருந்திருந்தால் அது நிரந்தரவாசி என்பதற்கான அத்தாட்சி, தம்பிக்கு அதுவே போதும். அம்மா போய்விட்டாரே என்று அந்தப் பழைய அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தம்பியின் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.