ரஷ்யாவில் மருத்துவம் படிக்காத பேரன்

கேள்வி: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 21 ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசிக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். என் ஒரே மகன் பள்ளித் தோழர்களின் பழக்கத்தால் 18 வயதில் மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றான். கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, இந்த 2019 மார்ச்சில் இரண்டு ஆண்டு ஊழியத்துக்குக் கிளம்பிவிட்டான். சபை அவனை ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகருக்கு அனுப்பியிருக்கிறது. மாதம் 400 டாலர் நான்தான் கட்டுகிறேன். அந்த நாட்டில் இந்தச் சபையையே தடை செய்துவிட்டார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஊரில் இருக்கும் 79 வயதான என் தாயார் தாங்கமாட்டார் என்பதால், பேரன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அவனிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறோம். திங்கள்தோறும் மாலை 5 மணிக்கு, எங்களுக்குக் காலை 6 மணிக்கு, தன் அம்மாவை அழைத்துப் பேசுகிறவன், கைக்குழந்தையாக இருந்தபோது தன்னைத் தூக்கி வளர்த்த பாட்டியிடம் இந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூடப் பேசவில்லை. குடும்பத்தை மறக்கும்படிதான் அந்தச் சபை கற்பிக்கிறதா? பணத்தை நிறுத்தினால் திரும்பி வந்துவிடுவானா?
— பெயர் வெளியிட வேண்டாம், லீஹை, யூட்டா.

பதில்: பிள்ளை வேறு மதத்துக்குப் போய்விட்டது என்று எனக்கு வரும் கடிதங்களில் ஊர் மாறும், மதம் மாறும், அழுகை மட்டும் மாறாது. ஆறுதல் சொல்ல உங்களைச் சுற்றி மனிதர்கள் இருப்பார்கள், அதை அவர்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள். சபையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நீட்டி எழுதிய நீங்கள், போகிற போக்கில் ஒரு வாக்கியத்தை நழுவ விட்டிருக்கிறீர்கள்: பேரன் மருத்துவம் படிப்பதாகத் தாயாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், அவனையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறோம் என்பது. எழுதிய உங்களுக்கு அது ஒரு சிறு ஏற்பாடாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு உங்கள் கடிதமே அந்த ஒரு வாக்கியம்தான்.

வசதியான பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ரஷ்யா போவது தெருவுக்குத் தெருவு கேட்கும் செய்தி. யெகாதெரின்பர்க்கில் உண்மையிலேயே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆனால் அங்கே மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டுகள், உங்கள் மகனின் ஊழியமோ இரண்டே ஆண்டுகள். 2021-இல் அவன் திரும்பி வரும்போது மூட்டுவலிக்கு மருந்து கேட்கப்போகும் பாட்டியிடம் என்ன சொல்வதாக இருக்கிறீர்கள்? அதற்குள் அவர் கோயிலில் சந்திப்பவர்களிடமெல்லாம் பேரன் டாக்டராகிறான் என்று சொல்லியிருப்பார். யாராவது ஓர் உறவினர், தம் மகளையும் அதே கல்லூரியில் சேர்க்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டு வருவார். அப்போது இந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய்கள் தேவைப்படும், அவற்றையும் நீங்கள் தொலைபேசி வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் உண்டாக்கிய அந்த மருத்துவ மாணவன் எப்படி இருப்பான் என்று உங்கள் தாயாருக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டும் கனத்த புத்தகங்களுமாக அவனைக் கற்பனை செய்து வைத்திருப்பார். உண்மையான பையனின் ஒரு நாள் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளைகளை இவ்வாறு அனுப்பிய பெற்றோர் எனக்கு எழுதியவற்றிலிருந்தும், சபையே வெளிப்படையாக வைத்திருக்கும் ஒழுங்குகளிலிருந்தும் நான் அறிந்ததைச் சொல்கிறேன். காலை 6.30-க்கு எழுந்திருக்க வேண்டும், அரை மணி நேரம் உடற்பயிற்சி, பிறகு வேத வாசிப்பு, துணைவனோடு சேர்ந்து பாடத் தயாரிப்பு, மொழிப் பயிற்சி. துணைவன் என்பவன் சபை நியமித்த இன்னோர் இளைஞன். இவன் எங்கே போனாலும் அவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவிலேயே இருந்தாக வேண்டும், சில மாதங்களில் அவனை மாற்றி வேறொருவனைத் தருவார்கள். இரவு 10.30-க்குப் படுத்துவிட வேண்டும். யெகாதெரின்பர்க்கைத் தேர்ந்தெடுத்தவனும் அவனல்லன். எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமைதான் முடிவு செய்கிறது. புறப்படும் முன் ப்ரோவோவில் உள்ள பயிற்சி நிலையத்தில் ஏறத்தாழ ஒன்பது வாரம் ரஷ்ய மொழி கற்பிப்பார்கள். ஆறு வேற்றுமைகளும் மூன்று பால்களும் உள்ள அந்த மொழியை ஒன்பது வாரத்தில் நாவில் ஏற்றிக்கொண்டு போன 19 வயதுப் பையனை அங்கே "மூப்பர்" என்று பொருள்படும் "ஸ்தாரெய்ஷினா" என்ற சொல்லால் அழைக்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகள் எழுந்திருக்கும் நேரத்தை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

அவன் போயிருக்கும் ஊர், அயலாரை எளிதில் உள்ளே விடும் ஊரும் அன்று. ஸ்வெர்ட்லோவ்ஸ்க் என்ற பெயரில், சோவியத் ஆட்சியின் இறுதி வரை, வெளிநாட்டவர் நுழைய முடியாதபடி மூடப்பட்டிருந்த தொழில் நகரம் அது. ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவது அங்கே செய்தியே அன்று. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மூதாட்டி மனமிரங்கி வீட்டுக்குள் அழைத்தால் முதலில் நீட்டுவது தேநீர்க் கோப்பையைத்தான், இவர்களுக்கோ தேநீரும் காபியும் மதுவும் புகையிலையும் விலக்கு. மூலிகைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் குடிக்கலாம், "மோர்ஸ்" என்ற பழச்சாற்றைக் குடிக்கலாம். (நம் மோருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.) கும்பகோணத்துக் காபி மணக்கும் வீட்டில் பிறந்தவருடைய பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் தேநீரை மனம் புண்படாமல் எப்படி மறுப்பது என்பதை அரைகுறை ரஷ்ய மொழியில் கற்றுக்கொண்டிருக்கிறான்.

கற்பிப்பது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் அச்சத்துக்கான விடையும் அதில்தான் இருக்கிறது. நண்பர் சொன்னது வேறு சபையைப் பற்றியது. ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தடை செய்தது யெகோவாவின் சாட்சிகளை. உங்கள் மகன் சேர்ந்திருக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு 1991-இலேயே அங்கே அங்கீகாரம் கிடைத்துவிட்டது, இன்றும் அது பதிவு பெற்ற சபைதான். ஆனால் 2016 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும், யாரோவாயா சட்டம் என்று அழைக்கப்படும் திருத்தங்களின்படி, வழிபாட்டுக்கென உள்ள இடங்களுக்கு வெளியே மதம் பரப்புவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. மீறும் வெளிநாட்டவருக்கு அபராதம் உண்டு, நாட்டை விட்டே அனுப்பவும் செய்யலாம். அதன் பிறகு சபை தன் ஊழியக்காரர்களை அங்கே "தன்னார்வலர்" என்றே குறிப்பிடுகிறது. தெருவில் மறித்துப் பேசுவதோ கதவைத் தட்டுவதோ கிடையாது. சபைக் கட்டடத்தில் இலவசமாக ஆங்கில உரையாடல் பழக வருகிறவர்கள், உறுப்பினர்கள் தாமே அழைத்து வரும் நண்பர்கள், இவர்களில் யாராவது தாமாக விரும்பிக் கேட்டால், கட்டடத்துக்குள் அமர்ந்து பாடம் சொல்லலாம். சில வாரங்களில் கேட்க ஒருவரும் இல்லாமலும் போகும். இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் இந்த மார்ச்சில் கருங்கடல் கரையில் உள்ள நோவோரோசிஸ்கில் இரண்டு இளைஞர்களைப் பிடித்து, உரிமமின்றி ஆங்கிலம் கற்பித்ததாகக் குற்றம் சாட்டி, சில வாரங்கள் காவலில் வைத்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். ஆகவே நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தான் யார், எதற்காக வந்திருக்கிறேன், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை நாள்தோறும் சொல்லுக்குச் சொல் அளந்து, பொய்யாகவும் போகாமல், சட்டத்தையும் மீறாமல் பேசியாக வேண்டிய நிலையில் உங்கள் மகன் இருக்கிறான். அவனுடைய சபையின் பெரிய ஆலயங்களுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும்; அதைத் தருமுன் ஒவ்வோர் உறுப்பினரிடமும் கேட்கும் கேள்விகளில், பிறரோடு நேர்மையாக நடந்துகொள்கிறாயா என்பதும் ஒன்று. அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லிவிட்டுப் போனவனிடம், பாட்டி கேட்டால் உடற்கூறியல் தேர்வு எழுதினேன் என்று சொல்லடா என்கிறீர்கள். அவன் என்ன செய்வான்? அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை, ஆகவே வாரந்தோறும் அழைக்கிறான். பாட்டியை அழைத்தால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே படிப்பைப் பற்றியது. உண்மையைச் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான், மறைத்தால் தன் மனச்சாட்சிக்கு முன் குற்றவாளி ஆவான். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். நான் அவன் மனத்துக்குள் புகுந்து பார்த்தவள் அல்லள். ஆனால் இதுவாக இருக்குமோ என்று அவனிடம் நீங்கள் கேட்டுக்கூடப் பார்க்காமல், பாட்டியிடமிருந்து சபை அவனைப் பிரித்துவிட்டதாக எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பிரித்தவர் யார் என்பதை உங்கள் வாக்கியமே சொல்கிறது.

சபைக்காக வாதாடுவது என் வேலையன்று. பிள்ளைகளை ஊர் ஊராக அனுப்பி மதம் சொல்லும் வழக்கம் எனக்கு உவப்பானதில்லை. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளும் அவர்களுடைய முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை. என் பாட்டனாரை அவரைக் கேட்காமல் யாரும் எங்கும் சேர்க்க வேண்டாம். ஆயினும் குடும்பத்தை மறக்கச் சொல்கிறது என்ற பழியை அந்தச் சபைமேல் சுமத்த இயலாது. மரணத்துக்குப் பிறகும் குடும்பம் நீடிக்கும் என்பதே அவர்கள் கற்பிக்கும் முதன்மையான பாடங்களுள் ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மலையொன்றைக் குடைந்து, உலகெங்குமிருந்து சேர்த்த வம்சாவளிப் பதிவுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஊழியத்தில் இருக்கும் பிள்ளைகள் வீட்டாரோடு தொலைபேசியில் பேச முன்பு ஆண்டுக்கு இரண்டே நாள்கள்தாம் அனுமதி இருந்தது, கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இந்தப் பிப்ரவரியில் அதை மாற்றி, வாரந்தோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவர்களே அறிவித்தார்கள். சபை திறந்துவிட்ட கதவை வீட்டில் இருக்கும் நீங்கள் சாத்தியிருக்கிறீர்கள்.

பணத்தை நிறுத்தலாமா என்கிறீர்கள். அந்த 400 டாலர் நேராக அவன் கைக்குப் போவதில்லை, எல்லாருடைய பங்களிப்பும் சேரும் பொதுநிதிக்குப் போகிறது. நீங்கள் நிறுத்தினால் உங்கள் பகுதிச் சபையார் கொடுப்பார்கள், அவன் அங்கேயே இருப்பான். தகப்பன் இருக்கும்போது பிள்ளைக்கு ஊரார் சோறு போடும் நிலையை எந்தக் கோபமும் நியாயமாக்காது. கட்டுங்கள்.

இனித் தாயாரைப் பற்றி. அவர் தாங்கமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். 79 ஆண்டு வாழ்ந்தவர் எவற்றையெல்லாம் தாங்கியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பெற்ற மகன் 21 ஆண்டுகளாகக் கடல் கடந்து இருப்பதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். தூக்கி வளர்த்த பேரன் ஆறு மாதமாக ஒரு வார்த்தை பேசாததை, காரணம் இன்னதென்று தெரியாமலே தாங்கிக்கொண்டிருக்கிறார். தன்மேல் அவனுக்கு என்ன வருத்தமோ என்று அவர் நினைக்கவில்லை என்பதற்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கிறது? உங்களால் தாங்க முடியாதது ஊராரின் பேச்சு. அதற்குத் தாயாரின் வயதை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். பெற்றவளை மறைப்பாக நிறுத்திக்கொள்வது எந்தப் பிள்ளைக்கும் அழகன்று; உங்கள் மகன் உங்களுக்குச் செய்திருப்பதாக நீங்கள் நினைக்கும் குற்றத்தைவிட இதைப் பெரியதாகவே கருதுகிறேன்.

இந்த வாரத்துக்குள் அவரை நீங்களே அழையுங்கள், மனைவியைப் பேசச் சொல்லாதீர்கள். பொய் சொன்னது நீங்கள், பேரன் அல்லன் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு அவன் எங்கே, எதற்காகப் போயிருக்கிறான் என்பதைச் சொல்லுங்கள். அழுவார், திட்டுவார், இரண்டு நாள் பேசாமலும் இருக்கக்கூடும். திரும்பி வந்தால் திருநீறு பூசிக்கொள்வானா என்று கேட்பார்; தெரியாது என்பதே உண்மையானால் அதையே சொல்லுங்கள். அதன் பிறகு மகனுக்கு எழுதி, பாட்டிக்குத் தெரியும், இனி நீ பயப்பட வேண்டாம் என்று தெரிவித்து, அடுத்த திங்களன்று மூன்று ஊரையும் ஒரே அழைப்பில் சேருங்கள்.

யெகாதெரின்பர்க்கில் மாலை 5 மணி என்றால் கும்பகோணத்தில் 5.30. பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே அரை மணி நேரம்தான். அவர் விளக்கேற்றப் போகுமுன் பேசி முடிக்கலாம். உங்களுக்குத்தான் காலை 6 மணி. நவம்பர் 3-ஆம் தேதி உங்கள் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள், ரஷ்யாவிலும் இந்தியாவிலும் அந்த வழக்கம் இல்லை. அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமைகளில் நீங்கள் 5 மணிக்கே எழுந்திருக்க வேண்டியிருக்கும்.