கற்பிட்டிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்: வாசகர் கேள்விகள்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பிள்ளைகுட்டிகளோடு உறவினர் வரும் காலம் நெருங்கினால், கடற்கரைக்குக் கூட்டிப்போக இடம் கேட்டு வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கற்பிட்டியைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, கற்பிட்டிக்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாவின் குடும்பம் ஓகஸ்டில் லண்டனிலிருந்து வருகிறது. பேஸ்புக்கில் ஒரு ‘கற்பிட்டி டொல்பின் பக்கேஜ்’ பார்த்தோம். இரண்டு இரவு தங்குமிடம், சாப்பாடு, கடலில் டொல்பின் காட்டும் படகு, பவளப்பாறையில் நீச்சல் எல்லாம் அதற்குள் வருகிறதாம். பாதிக் காசை இப்போதே வங்கியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகி, வவுனியா)

பதில்: போட வேண்டாம், தங்கச்சி. விலை கூடியதோ குறைந்ததோ என்பது பிறகு பார்க்க வேண்டிய விஷயம். முதலில் மாதமே பிழை.

கற்பிட்டி ஒரு நீண்ட, ஒடுங்கிய குடாநாடு. மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு. மே தொடங்கி ஒக்டோபர் வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது மேற்குக் கடல் கொந்தளிக்கும். டொல்பின் படகு ஓடுவது வாடைக் காலத்தில்தான், நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். அந்த மாதங்களில் விடியற்காலையில் கடல் படிந்து கிடக்கும். துள்ளிச் சுழலும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாய் வரும். பெப்ரவரி, மார்ச் அளவில் அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கிலமும் தெரியும். ஓகஸ்டில் இதே கடலுக்குச் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக நல்ல படகோட்டி எவரும் சம்மதிக்க மாட்டார்.

அப்படியிருக்க, ஓகஸ்டில் டொல்பின் காட்டுவதாக விற்பவர் என்ன செய்வார்? “இன்றைக்குக் கடல் சரியில்லை” என்று சொல்லிக் களப்புக்குள் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு, முழுக் காசையும் வைத்துக்கொள்ளலாம். அதைவிட மோசமாக, உண்மையிலேயே கடலுக்குள் கொண்டு போகலாம். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம்.

இந்தப் பக்கேஜை விற்பவரிடம் வட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள்: படகு திறந்த கடலுக்குப் போகுமா, களப்புக்குள் மட்டுமா? காற்றினால் படகு புறப்படாவிட்டால் படகுக் காசு முழுவதும் திரும்பி வருமா? வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு தேவைப்பட்டால் அது விலைக்குள் அடங்குமா? பதில் குரல் பதிவாக வந்தால், எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு வேறுபாட்டையும் நினைவில் வைத்திருங்கள். படகு போயும் டொல்பின் கண்ணில் படாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பது நியாயமில்லை. அவை காட்டுயிர்கள், படகோட்டி எண்ணெய் செலவழித்துவிட்டார். படகே புறப்படாவிட்டால் முழுக் காசும் உங்களுடையது.

பாதி முற்பணம் என்பதும் கூடுதல். ஒரு இரவு வாடகையை முற்பணமாகக் கேட்பது நியாயம். வங்கிக் கணக்கு விடுதியின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா என்று பாருங்கள். சின்ன விருந்தினர் இல்லங்களில் உரிமையாளரின் சொந்தக் கணக்காக இருப்பது வழமைதான். ஆனால் அப்போது இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 1912 என்ற சுற்றுலாத் தொலைபேசி இலக்கத்தில் விசாரிக்கலாம். கேட்டவுடன் கோபப்படுகிற இடத்துக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

ஓகஸ்டில்தான் வர முடியும் என்றால், கற்பிட்டியைக் கைவிடவும் தேவையில்லை. களப்புப் பக்கம் ஆழம் குறைந்த நீர், காத்தாடிச் சறுக்கு (கைட்சேர்பிங்), கண்டல் காடு, தலவில புனித அன்னம்மாள் ஆலயம் என்று இரண்டு நாளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கடலில் குளிக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்றால், அந்த மாதத்தில் கிழக்குக் கரை நல்லது. நிலாவெளி, பாசிக்குடா இரண்டும் அப்போது அமைதியாக இருக்கும். தலவில திருவிழா ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் ஓகஸ்டிலும் வரும். அந்த நாட்களில் குடாநாட்டு வீதி முழுக்க யாத்திரிகர்கள். அறை கிடைப்பது கடினம், விலையும் ஏறும். திகதியை ஆலயத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: தொலைபேசியில் அறைக்கு இருபதாயிரம் ரூபா என்றார்கள். போகும்போது 25,960 ரூபாவுக்குப் பில் தந்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், திருகோணமலை)

பதில்: கணக்கு இப்படிப் போகிறது. 20,000 ரூபாவுக்கு 10 வீத சேவைக் கட்டணம் சேர்த்தால் 22,000. அந்த 22,000க்கு 18 வீத வற் வரி 3,960 ரூபா. மொத்தம் 25,960. விடுதிக்காரர் ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்வது இதைத்தான். 2024 ஜனவரி முதல் வற் 18 வீதமாக இருப்பதால், இந்தச் சின்னச் சொல்லுக்குள் கிட்டத்தட்ட 30 வீதம் ஒளிந்திருக்கிறது.

கணக்குப் பிழையில்லை. ஆனால் வற் பதிவு உள்ள வியாபாரி மட்டும்தான் அந்த வரியை அறவிடலாம். பில்லில் வற் பதிவு இலக்கம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாலு அறை உள்ள ஒரு வீட்டுவிடுதி துண்டுக் கடதாசியில் கையால் ‘வற்’ என்று எழுதித் தந்தால், இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லையென்றால் அந்தத் தொகையைக் கட்ட மறுக்கலாம்.

இனிமேல் கேட்கும்போது “அறை எவ்வளவு?” என்று கேட்காமல், “எல்லாம் சேர்த்துக் கடைசியில் நான் கையில் தரவேண்டியது எவ்வளவு?” என்று கேளுங்கள்.

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வந்த அக்காவுக்கும் சேர்த்து என் பெயரில் இரண்டு அறை பதிந்தேன். போனபிறகு, அக்காவின் அறைக்கு வெளிநாட்டவர் விலை என்று டொலரில் கேட்டார்கள். அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இது சரியா?

பதில்: மனம் நோகிற விஷயம்தான். பிறந்த ஊரில் அந்நியராய் நிற்கவேண்டியிருப்பதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். ஆனாலும் விடுதிகள் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்று வைத்திருப்பது இங்கே நெடுநாளைய வழக்கம். பிறந்த இடத்தை அவர்கள் பார்ப்பதில்லை, கையில் உள்ள ஆவணத்தைத்தான் பார்ப்பார்கள். அக்காவுக்கு இரட்டைக் குடியுரிமை இருந்தால் தேசிய அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ காட்டி உள்நாட்டு விலையைக் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். கனேடியக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் அது விடுதியின் விருப்பம்.

நீங்கள் வாதாட இடம் இருப்பது வேறு இடத்தில். உங்களுக்கு அனுப்பிய உறுதிப்படுத்தலில் ‘இலங்கையில் வசிப்போருக்கு மட்டும்’ என்ற நிபந்தனை எழுதியிருந்ததா? இல்லையென்றால், பேசிய விலைக்கே அறை தரும்படி நீங்கள் உறுதியாக நிற்கலாம். அடுத்த முறை, தங்கப்போகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் எந்தக் கடவுச்சீட்டு என்பதையும் முதலே அனுப்பிவிடுங்கள். பூங்கா, சரணாலய நுழைவுச்சீட்டுகளுக்கு அரசாங்கமே இரண்டு விலை வைத்திருக்கிறது. அங்கே பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் போகிறோம். விளம்பரப் படத்தில் பவளப்பாறை வண்ண வண்ணமாக, பூந்தோட்டம்போல இருக்கிறது. உண்மையிலும் அப்படித்தானா? பிள்ளைகளுக்கு 6, 9 வயது, படகில் ஏற்றலாமா? (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: அந்தப் படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று கேளுங்கள். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் றீஃப் 1992 இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையின் மிகப் பெரிய பவளப்பாறைத் தொகுதிகளில் ஒன்று. 1998 இல் கடல் சூடேறியபோது ஆழங்குறைந்த இடத்துப் பவளம் பெரும்பாலும் வெளிறிச் செத்தது. மெல்ல மெல்ல மீண்டு வந்த பிறகு, 2016 இல் திரும்பவும் அடி விழுந்தது. மீன்கள் இன்னும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் படத்தில் உள்ள நிறத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து வருவீர்கள். அண்மையில், இதே மாதத்தில், இதே இடத்தில் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். நேர்மையான வழிகாட்டி காட்டுவார், குறையையும் சொல்லுவார். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பவளத்தின்மேல் காலூன்றக் கூடாது. செத்ததுபோலத் தெரிகிற பாறையிலும் புதிய பவளம் முளைத்துக்கொண்டிருக்கும்.

படகைப் பொறுத்தவரை, பெரும்பாலும் வெளி மோட்டார் பூட்டிய பைபர் படகுகள்தான். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். உங்கள் 6 வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கரையிலேயே போட்டுப் பார்த்து, எல்லாக் கொளுவியையும் பூட்டி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது. தண்ணீரில் விழுந்தால் முகத்தை மூடிவிடும். ஈரத்தில் கிடந்து துருப்பிடித்த கொளுவி, உள்ளே பஞ்சு கட்டிதட்டிப்போன அங்கி எதையும் ஏற்காதீர்கள். பெரியவர்களின் அங்கியைக் கயிற்றால் இறுக்கித் தருகிறேன் என்றால் இறங்கி வந்துவிடுங்கள். முற்பணம் போனாலும் போகட்டும்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. காத்தாடிச் சறுக்குப் பழக வேண்டும் என்று நிற்கிறான். பள்ளிகள் யூரோவில் விலை சொல்கின்றன. எதைப் பார்த்துத் தெரிவது? (வாசகர், கொழும்பு)

பதில்: காத்தாடிச் சறுக்கு பழகுவதற்குக் கற்பிட்டிக் களப்பு நல்ல இடம். காற்று நிற்காமல் வீசும், நீர் அலையில்லாமல் இருக்கும். வலுவான காற்று மே முதல் ஒக்டோபர் வரை. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை கொஞ்சம் மென்மையான இன்னொரு காலம்.

நாள் கணக்கில் சொல்லும் விலையை மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள். ‘மூன்று நாள்’ என்பது ஒரு இடத்தில் ஆறு மணித்தியாலம், இன்னொரு இடத்தில் பன்னிரண்டு. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர், காற்றில்லாத நாளின் பணம் திரும்புமா, உபகரணம் உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றைக் கேளுங்கள். பயிற்றுநரிடம் ஐ.கே.ஓ. (சர்வதேச காத்தாடிச் சறுக்கு அமைப்பு) சான்றிதழ் இருக்க வேண்டும். பள்ளியிடம் இருப்பது மட்டும் போதாது. மகனின் காப்புறுதியையும் எடுத்துப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவும் இந்த விளையாட்டை விலக்கியே வைத்திருக்கும்.

கேள்வி: கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர்ப் போத்தலுக்குக் கூடுதலாக எடுத்தார்கள். அட்டையில் கட்டியதற்கு மேலும் 3 வீதம். யாரிடம் முறையிடுவது?

பதில்: இரண்டுமே தவறு. 2025 ஏப்ரல் முதல் போத்தல் தண்ணீருக்கு அரசாங்கம் உச்ச சில்லறை விலை விதித்திருக்கிறது. அப்போது அரை லீற்றருக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்று அறிவித்தார்கள். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்பது குற்றம். 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அதிகாரசபைக்குச் சொல்லலாம். எழுத்து மூலமான முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாடு நிற்காது. கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை.

அட்டைக்கு மேலதிகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டோடு உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். வெளிநாட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இயந்திரம் ‘ரூபாவிலா, பவுணிலா’ என்று கேட்டால் ரூபாவையே அழுத்துங்கள்.

கேள்வி: மன்னாரிலிருந்து வாடகை வான் பிடித்து வருகிறோம். எந்தப் பாதை? வரும்போது கருவாடும் வாங்க வேண்டும்.

பதில்: வரைபடத்தைப் பார்த்தால், வில்பத்து ஊடாகப் போகும் பழைய மன்னார்–புத்தளம் வீதி கிட்டவாகத் தெரியும். அது காட்டுக்குள்ளால் போவது, நீண்டகாலம் வழக்கில் சிக்கிய வீதி. அதை நம்பி வாடகை பேச வேண்டாம். மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாக வந்து, பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்புங்கள். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இருக்கிறது. வானுக்குக் கிலோமீற்றர் கணக்கில் பேசும்போது பலர் இதைச் சேர்க்க மறந்து, பிறகு சாரதியோடு பிணக்குப்படுகிறார்கள்.

கருவாட்டைத் தட்டில் உள்ள அழகைப் பார்த்து வாங்காதீர்கள். கட்டாவோ அறுக்குளாவோ, தடித்த துண்டு ஒன்றை எடுத்து முள்ளோடு ஒட்டிய சதையை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்துக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சேருமுன் பூஞ்சணமும் பிடிக்கும். மேலே உப்புக் கட்டியாய் நின்றால் தட்டிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். மணலில் பரப்பிக் காயவைத்ததைவிடப் பரண் கட்டிக் காயவைத்தது கொஞ்சம் விலை கூடினாலும் வாங்கத் தக்கது. கரையில் விற்கிற பவளத் துண்டையும் ஆமை ஓட்டையும் மட்டும் தொடாதீர்கள். விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம், விமான நிலையத்தில் பிடிபடுவது நீங்கள். கருவாட்டைக் கொண்டுபோகும் நாட்டின் உணவு இறக்குமதி விதியையும் உறவினர்கள் பெட்டி கட்டுமுன் பார்த்துவிடட்டும்.