பழைய குவாரி ஓரத்து மலையடி நிலத்தை வாங்கலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம், ஓய்ந்துபோன கிரானைட் குவாரியை ஒட்டிய மலையடி நிலம் மலிவாக வருகிறது, வாங்கிக் குடியேறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் பத்திரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அடியில் இருக்கும் பாறையிலிருந்தே அது கரைந்து வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். போர்வெல் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவே கூடாது. காய்ச்சினாலும் போகாது, ஆர்ஓ வைத்தால் குறையும். வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். பல வருடம் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

அப்புறம் பட்டாவோடு நிற்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் வகையைக் குறித்து வைக்கும் பதிவேடு) பாருங்கள். புறம்போக்கா, பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பது அதில் தெரியும். வில்லங்கச் சான்று வழக்கம்போல.

குவாரி நின்றிருக்கிறது என்பதால் குத்தகை முடிந்ததாக அர்த்தமில்லை. மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மறுபடி வெடி வைத்தால் வீடு கட்டியவர் பாடுதான் திண்டாட்டம். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் ஆழமானது, வேலி அவசியம். காடு பக்கம் என்பதால் ராகி முற்றும் சமயத்தில் யானை வரும். எந்த வழியாக வரும் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு வீட்டுக்கு இடம் குறியுங்கள்.