சாரல் நின்ற பிறகும் கடை திறக்கணும்: எல்லையோரச் சிறு வியாபாரிகளின் கேள்விகளுக்குப் பதில்

நான் செங்கோட்டையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு விற்கிறேன். 26 வருடமாக அடுப்பு எரிகிறது. போட்டதில் பாதி இங்கேயே விற்கும், மீதி ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துப் புனலூர், கொட்டாரக்கரைக் கடைகளுக்குப் போகும். தொழிலில் மனம் தளராமல் இருப்பது எப்படி என்று இந்தப் பக்கத்து வியாபாரிகள் பலர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை எழுதவில்லை, ஊரும் தொழிலும் போதும்.

குற்றாலம், பழக்கடை: அண்ணாச்சி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசனில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. செப்டம்பர் பாதியில் ரோடே காலியாகிவிடும். அப்புறம் கடை திறக்கவே மனசு வர மாட்டேன் என்கிறது. எனக்கு ஊக்கம் குறைவோ?

ஊக்கம் குறைந்தவர் மூன்று மாதம் அப்படி நின்று வியாபாரம் பார்க்க முடியாது தம்பி. எனக்கு உங்கள் கணக்கு வைக்கும் முறையில்தான் சந்தேகம். ஒரு உதாரணம் சொல்கிறேன். சீசன் மூன்று மாதத்தில் செலவு போக 1,80,000 ரூபாய் நிற்கிறது, மீதி ஒன்பது மாதத்தில் 1,20,000 நிற்கிறது என்று வையுங்கள். சீசனில் மாதம் 60,000 வருகிறது. வீட்டில் அதற்குத் தக்கபடி செலவு ஓடுகிறது. அக்டோபரில் அதே வீட்டுக்கு 13,000 கொண்டு போகிறீர்கள். அன்று முதல் நீங்களே உங்களைத் தோற்றவராக நினைக்க ஆரம்பிக்கிறீர்கள். வியாபாரம் போன வருடம் போலவேதான் நடந்திருக்கும்.

மொத்தம் 3,00,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 25,000. ஜூலையிலும் 25,000தான் வீட்டுக்கு, பிப்ரவரியிலும் அதேதான். சீசனில் மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் இதைப் பழகிக்கொள்ள நான்கு வருடம் ஆனது. பழகிய பிறகு செப்டம்பர் மாதத்தைப் பார்த்து நான் பயந்ததே இல்லை.

இன்னொன்று. நம் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு சீசன் மட்டும் கிடையாது. சாரல் முடியும்போது ஆவணியில் ஓணம் வருகிறது. கார்த்திகை 1 முதல் தை மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள் வண்டி இந்த வழியாகப் போகிறது. உங்கள் கடை அருவிக்கரையோடு நின்றுவிட்டதா, சபரிமலை போகிற வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தள்ளுவண்டி போட முடியுமா என்று பாருங்கள். மாசி முதல் வைகாசி வரை உண்மையிலேயே மந்தம். அந்த நாட்களை வேலை நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். தராசுக்கு முத்திரை வைப்பது, கூரை ஒழுகலை அடைப்பது, கடன் பாக்கி நோட்டைச் சரிபார்ப்பது எல்லாம் அப்போதுதான் முடியும். நான் வருடா வருடம் பங்குனியில் எட்டு நாள் கடையை அடைத்துவிட்டு அடுப்பை இடித்துப் புதிதாகப் போடுகிறேன். அந்த எட்டு நாளில் நான் மதியம் தூங்குகிறேன். அதுவும் தொழிலுக்கு வேண்டியதுதான்.

அச்சன்புதூர், வீட்டில் தையல்: அண்ணாச்சி, மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் சம்பாதிக்கிறேன். ஆனால் வீட்டில் இதை ஒரு தொழிலாகவே நினைக்கவில்லை. பாதித் தையலில் எழுப்பிவிட்டுக் காபி போடச் சொல்கிறார்கள். வெறுத்துப்போகிறது.

தாயி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வீட்டாரிடம் வாதாடி இதை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்கிற மாதிரி மாற்றிக் காட்டுங்கள். மெஷினை அடுக்களைப் பக்கத்திலிருந்து வாசல் திண்ணைக்குக் கொண்டு வாருங்கள். காலை 10 முதல் 1 வரை, மாலை 3 முதல் 6 வரை என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். அந்த அட்டை வாடிக்கையாளருக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும்தான். ரசீது புத்தகம் ஒன்று வாங்குங்கள். மாதக் கடைசியில் அதைக் கூட்டி, இந்த மாதம் இவ்வளவு என்று சாப்பிடும்போது எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். என் மனைவி பாக்கெட் போடும் வேலையைப் பத்து வருடம் நான் கணக்கில் எழுதவே இல்லை. எழுத ஆரம்பித்த மாதம்தான் அவளுடைய உழைப்பு எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது. அன்று முதல் அவளுக்குச் சம்பளம் தனி.

தென்காசி, டீக்கடை: ரோடு வேலையால் பஸ் வேறு வழியில் போகிறது. ஏழு மாதமாகப் பாதி வியாபாரம்தான். வேலை முடிந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறேன், பொறுமை போய்விட்டது.

எங்கள் ஊர் ஸ்டேஷன் கதை சொல்கிறேன். கொல்லம் பாதை 1904-இல் போட்டது. அகலப் பாதை வேலைக்காக 2010-இல் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2018-இல். எட்டு வருடம். அந்தப் பக்கத்து ரயிலை நம்பி ஒருவர் டீ விற்றுக்கொண்டிருந்தார். நின்ற மறு வாரமே பாய்லரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஆறு மாதம்தான் என்று உட்கார்ந்தார். இரண்டாவது வருடம் கடையைக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். முதல் ஆளை விட இவர் நல்ல உழைப்பாளி, அதனால்தான் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். காத்திருப்பது ஒரு மனிதனை உள்ளுக்குள் அரித்துவிடும். பஸ் இப்போது எந்த வழியில் போகிறதோ அங்கே காலை மூன்று மணி நேரம் மட்டும் ஒரு ஃபிளாஸ்க்கோடு நின்று பாருங்கள். நாளைக்கே போங்கள்.

பாவூர்சத்திரம், காய்கறி கமிஷன்: கேரளக் கடைகளில் மூன்று லட்சம் பாக்கி நிற்கிறது. அதைச் சமாளிக்கத் தினவட்டிக்கு வாங்கினேன். ராத்திரி தூக்கம் இல்லை. எப்படி உற்சாகமாக இருப்பது?

இந்த நிலையில் யாராலும் உற்சாகமாக இருக்க முடியாது ஐயா. உங்கள் மனசில் ஒரு குறையும் இல்லை. கடனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தினவட்டியைப் பிரித்துப் பாருங்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் தினமும் திருப்பிக் கட்டுவதால் அந்த நூறு நாளில் உங்களிடம் சராசரியாக நின்ற பணம் 4,300 ரூபாய்க்குள்தான். அதற்கு 1,500 வட்டி. மூன்றரை மாதம்கூட ஆகவில்லை, நூற்றுக்கு 35 போய்விட்டது. காய்கறி கமிஷனில் இப்படி லாபம் எங்கே கிடைக்கும்? எவ்வளவு ஓடினாலும் களைப்புதான் மிஞ்சும். நகையை வங்கியில் வைத்தாவது முதலில் இதை அடையுங்கள். நகைக்கடன் நல்லது என்று சொல்ல வரவில்லை, இதைவிட அது எவ்வளவோ மேல். மிரட்டல் வந்தால் பயப்படாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

பாக்கிக்கு வருகிறேன். மூன்று லட்சமும் எத்தனை கடையில் நிற்கிறது? பெரும்பாலும் இரண்டு மூன்று பேரிடம்தான் முக்கால்வாசி இருக்கும். போனில் கேட்காதீர்கள். நோட்டோடு நேரில் போங்கள், காலையில் கல்லா திறக்கும் நேரத்தில் போங்கள். மொத்தத்தையும் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். வாரம் இவ்வளவு, புதுச் சரக்குக்கு ரொக்கம் என்று பேசி முடியுங்கள். எனக்கு இப்படித்தான் பதினொரு மாதத்தில் 90,000 திரும்ப வந்தது.

தூக்கமில்லாமல் தப்பான யோசனை எதுவும் வந்தால் தயவுசெய்து அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைக்கிற கடன்தான் ராத்திரியில் எழுப்பும்.

தென்மலை, பேக்கரி: என்னோடு படித்தவன் துபாயில் இருக்கிறான், வீடு கட்டிவிட்டான். நான் இன்னும் பன் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் வீட்டை விட்டு எத்தனை ஓணம் வெளியே இருந்தான் என்று கேளுங்கள் தம்பி. அவனைக் குறைத்துச் சொல்லவில்லை, அவனும் பாடுபட்டுத்தான் கட்டியிருப்பான். உங்கள் கடையின் போன வருட நோட்டையும் இந்த வருட நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பிட அது போதும்.

வடகரை, ஊறுகாய்: கொல்லத்திலிருந்து பெரிய ஆர்டர் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி என்றாலே பயம், அதனால் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு சோர்வாக இருக்கிறது.

வந்த ஆர்டரை விட்டால் சோர்வு வரத்தான் செய்யும். விஷயம் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். எல்லை தாண்டி வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உள்ளூரில் மட்டும் விற்பவருக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. காம்போசிஷன் முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிறவர் வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது, சாதாரணப் பதிவுதான் எடுக்க வேண்டும். ஒரு லோடு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு, போட வேண்டும். அவ்வளவுதான். கணக்குத் தாக்கல் செய்ய ஒரு கணக்கர் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிம்மதியாக விடலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் செக்போஸ்டில் லாரியோடு நான் பாதி ராத்திரி காத்துக் கிடந்திருக்கிறேன். இப்போது இருப்பது எவ்வளவோ சுலபம் அம்மா, பயப்படாமல் செய்யுங்கள்.

கடையநல்லூர், செருப்புக்கடை: நீங்கள் எப்போதாவது விட்டுவிட நினைத்தது உண்டா?

உண்டு. 2018. அந்த வருடம் திருவோணம் ஆகஸ்ட் 25. ஓணத்துக்கு உப்பேரியும் (நம் ஏத்தங்காய் சிப்ஸ்தான்) சர்க்கரை வரட்டியும் (வெல்லப்பாகில் புரட்டியது) இல்லாத விருந்து இலை கிடையாது, எங்களுக்கு வருடத்தில் பெரிய வாரம் அதுதான். 280 தார் இறக்கி, எண்ணெய் கடனுக்கு எடுத்து, ராத்திரி பகலாகப் போட்டுக்கொண்டிருந்தோம். 15-ஆம் தேதி வாக்கில் கேரளம் முழுக்க வெள்ளம். அரசே ஓணக் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டது. ஒவ்வொரு கடையாகப் போன் வந்தது, வேண்டாம் அண்ணாச்சி என்று. அவர்களிடம் என்ன பேச முடியும், அவர்கள் கடைக்குள்ளேயே தண்ணீர். சிப்ஸில் ஒரு பகுதியை நிவாரண முகாமுக்கு அனுப்பினோம், மீதியை அசலுக்கும் கீழே விற்றோம். 1,60,000 நஷ்டம்.

பதினைந்து நாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டியது. பிறகு ஒருநாள் எண்ணெய் மண்டிக்காரரிடம் போய், இப்போது முழுதும் தர முடியாது, மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்றேன். அவர் ஒரு டின் எண்ணெயைத் தூக்கி என் வண்டியில் வைத்துவிட்டு, முதலில் அடுப்பைப் பற்ற வையும் என்றார். அன்று மாலை ஒரு ஈடு மட்டும் போட்டேன், நான்கு கிலோ. மறுநாளும் ஒரு ஈடுதான். ஐப்பசி வரைக்கும் அளவாகத்தான் போட்டேன். மனசு தேறிய பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நான் இன்று இந்த அடுப்படியில் இருந்திருக்க மாட்டேன். கை வேலைக்குத் திரும்பியது, மனசு ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

புளியரை, பாத்திரக்கடை: நான்கு வருடமாக நஷ்டம். மூடிவிட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றுதான் நடத்துகிறேன். மூடலாமா?

நான்கு வருடமும் நஷ்டமா, இல்லை முதல் இரண்டு வருடம் மட்டுமா? கடை வாடகை எவ்வளவு, சரக்கில் நின்றுபோன பணம் எவ்வளவு, உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எழுதியிருக்கிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் மூடு என்றும் நடத்து என்றும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூடுவதில் அவமானம் ஒன்றும் கிடையாது. நல்ல விலைக்குச் சரக்கைத் தள்ளி, எல்லோர் பாக்கியையும் அடைத்து மூடியவர்களுக்கு இந்த ஊரில் இன்றும் மரியாதை இருக்கிறது. நான்கு வருட நோட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். பதினொரு மணிக்கு மேல் வந்தால் முதல் ஈடு இறக்கியிருப்பேன், உட்கார்ந்து பார்க்கலாம்.